முனை வரை வந்த ஜீப்

ராமநாதபுரம்,
2 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மோகன்குமார் வணங்கி எழுதுவது. நான் நலம். அங்கே நீங்கள் நலமா என்று வழக்கம்போல் கேட்டுவிட்டுப் போக இந்த முறை மனம் வரவில்லை.

தங்கமுத்து மாமாவையும் சின்னாயி அத்தையையும் தோட்டத்து வீட்டுக்குள் புகுந்து அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று டீக்கடைப் பேப்பரில்தான் பார்த்தேன். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அவர்கள் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சோளக்காடுதானே. உங்கள் வீட்டு மாமா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே லைனுக்குப் போயிருப்பார், நீங்கள் தனியாகத்தான் இருந்திருப்பீர்கள். உடனே கூப்பிட்டேன். போன் அணைந்து கிடந்தது. ராசிபுரத்தில் என் வீட்டுக்குப் போன் போட்டுக் கிருத்திகாவிடம் கேட்டபோதுதான், உங்கள் போனை விசாரணைக்கென்று ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

அக்கா, வேறு போன் வாங்கினாலும் இந்த விஷயத்தை அதில் பேச வேண்டாம். நானும் காக்கி போட்டவன். யார் யாரிடம் பேசினார்கள் என்று பார்ப்பது எங்களுக்கு எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் கடிதமாக எழுதுங்கள். ஸ்டேஷன் முகவரிக்கு வேண்டாம், நான் குடியிருக்கும் அறையின் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

நடந்தது என்ன? பேப்பரில் வந்ததை நான் நம்பவில்லை. அந்த வாசகங்களை எழுதிக் கொடுப்பது எப்படி என்று எனக்கே தெரியும்.

கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள்.

உங்கள் தம்பி,
மோகன்


புளியங்காட்டூர்,
8 ஜூன் 2025

அன்புத் தம்பி மோகனுக்கு,

அக்கா சென்னியம்மாள் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன் சாமி, அதற்கு மேல் சுகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குழந்தை யுவஸ்ரீ பள்ளிக்கூடம் போகிறாளா?

அன்றைக்குப் பால் கறந்து முடித்து, விளக்கு வைக்கிற நேரம். அவர்கள் வீட்டு நாய் விடாமல் குரைத்தது. பிறகு சட்டென்று நின்றுபோனது. பால் செம்பை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் சின்னாயி அத்தை கத்தினாள். என் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள், தம்பி. "சென்னீ" என்று பாதி வந்தது. மீதி வரவில்லை.

நான் ஓடிப்போகவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். நம் வீட்டில் மாடியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். போலீஸ் அவசர எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்து ஊர், பாதை, அடையாளம் எல்லாம் கேட்டுக்கொண்டு, வண்டி வரும் என்றாள். நானும் மாடியிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

வண்டி வந்தது. அதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். தார் ரோட்டில் மேலே சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழல ஜீப் வந்தது. நம் மண்பாதை பிரிகிற முனையில் நின்றது. அங்கே தெருவிளக்கு போன தீபாவளியிலிருந்து எரியவில்லை. ரிப்பன் வெட்டி மாட்டின கேமராவும் ஒயர் அறுந்து தொங்குகிறது. ஜீப் அங்கேயே நின்றது. யாரும் இறங்கவில்லை. சுழல்கிற விளக்கை அணைத்தார்கள். பிறகு பின்னால் எடுத்து, திருப்பி, வந்த வழியே போய்விட்டது.

நான் நேராக ஸ்டேஷனுக்கே போன் போட்டேன். "வண்டி வந்துட்டே இருக்குதும்மா, நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருங்க" என்று ஒருவர் சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம்தான் அங்கமுத்துவைக் கூப்பிட்டேன். நமக்குத் தேங்காய் போடுகிற அங்கமுத்து, ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன். அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் முன்னால், நான் பின்னால். தங்கமுத்து மாமா மாட்டுக்கொட்டகையில் கிடந்தார், முடிந்துவிட்டது. அத்தை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். மூச்சு இருந்தது. காதும் கழுத்தும் வெறுமையாக இருந்தன.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னால், பக்கத்து வண்டி பழுது, தூரத்து வண்டி வர நேரமாகும் என்றார்கள். அங்கமுத்து அத்தையை இரண்டு கையிலும் குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். கோழிப்பண்ணை வேன் ஒன்றை மறித்து ஏற்றினோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் என்று போர்டு. கேட் பூட்டு. கத்திக் கூப்பிட்ட பிறகு நர்ஸ் பெண் வந்தது. டாக்டர் இல்லை. ஆக்சிஜன் சிலிண்டரைத் திருகினால் காற்று வரவில்லை. அந்தப் பெண்ணே அழுதுவிட்டது. நாமக்கல்லுக்குக் கொண்டு போகச் சொன்னது. எருமப்பட்டி தாண்டினதும் என் மடியில் அத்தையின் தலை கனத்துப் போனது.

ஜீப் வந்து திரும்பியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ராமநாதபுரம்,
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்புக்கு எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தைப் பாரா காவலில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு முறைக்கு மேல் படிக்க முடியவில்லை.

நீங்கள் ஓடிப்போகாதது தப்பில்லை அக்கா. போயிருந்தால் உங்கள் பெயரும் அந்தப் பேப்பரில் வந்திருக்கும்.

அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று எனக்குப் புரிகிறது. பாதை இருட்டு. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஜீப்பில் இரண்டு பேர் இருந்திருப்பார்கள், கையில் லத்தி. பயந்திருப்பார்கள். அப்படிப் பயந்ததைக் கூட நான் பெரிய குற்றமாக நினைக்க மாட்டேன். ஆனால் பயந்தோம் என்று யாரும் எழுத மாட்டார்கள். போன் வந்தது என்று ஒப்புக்கொண்டால் ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும். அதனால் போனே வரவில்லை என்றுதான் முடிப்பார்கள். உங்கள் போனை வாங்கி வைத்ததும் அதற்குத்தான்.

மாமாவிடம் கூட இதைச் சொல்ல வேண்டாம். அவர் நாலு லாரி ஷெட்டில் பேசுகிறவர். எனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் நாமக்கல் பக்கம் இருக்கிறார். அவர் மூலம் என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால், சத்தம் கேட்டது, அங்கமுத்துவைக் கூப்பிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே வெயில் தாங்க முடியவில்லை. சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் கேட்டு நான் போட்ட மனு இன்னும் மேசை மேசையாகத்தான் அலைகிறது. கிடைத்திருந்தால் இந்நேரம் உங்களுக்குத் துணையாக இருந்திருப்பேன். யுவஸ்ரீ வளர்வதைக் கூடப் போட்டோவில்தான் பார்க்கிறேன்.

தனியாகப் படுக்காதீர்கள். யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி
மோகன்


புளியங்காட்டூர்,
29 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. நான் இருக்கிறேன். சோறு இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

அங்கமுத்துவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் சட்டையில் அத்தையின் ரத்தம் இருந்ததாம். இல்லாமல் எப்படி இருக்கும்? தூக்கி ஓடினவனே அவன்தானே. மரம் ஏறுகிறவன், அரிவாள் வைத்திருப்பவன், அந்த வீட்டில் எங்கே என்ன இருக்கும் என்று தெரிந்தவன், அவன்தான் கொன்றுவிட்டுக் காப்பாற்றுவது போல் நடித்தான் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். முகத்தில் துணி மூடி நிற்க வைத்த படம். பின்னால் அதிகாரிகள் வரிசையாக நிற்கிறார்கள். நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்துதான் முதல் தகவல் வந்ததாம், அது கிடைத்ததும் விரைந்து போனார்களாம். விரைந்து என்ற வார்த்தையைப் படித்ததும் பேப்பரை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அவன் பெண்டாட்டி உண்ணாமலை காலையில் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அக்கா, நீங்க போன் பண்ணித்தானே இவரு வந்தாரு? சோத்துல கைய வெச்சவரு அப்படியே எந்திரிச்சு ஓடியாந்தாரு. அத நீங்க சொன்னாப் போதுங்க."

"சொல்லியிருக்கறேன் உண்ணாமலை. எழுதிக்கிட்டாங்க."

"எழுதலீங்க அக்கா. வக்கீல் பாத்துட்டாங்க. உங்க பேரே அதுல இல்லீங்களாமா."

அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று முனையில் புது விளக்குப் போட்டார்கள். ஒரு வாரம் எரிந்தது. இப்போது மறுபடி இருட்டு. பஞ்சாயத்தில் கேட்டால் மின்வாரியம் என்கிறார்கள், மின்வாரியத்தில் கேட்டால் பஞ்சாயத்து என்கிறார்கள். கொன்றவர்கள் எங்கேயோ வெளியில்தான் இருக்கிறார்கள், தம்பி. அவர்களுக்கும் இந்தப் பாதை தெரியும்.

அந்த அதிகாரியிடம் பேசினாயா? சீக்கிரம் பதில் போடு.

அக்கா


ராமநாதபுரம்,
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. திருவிழா பந்தோபஸ்து, சுதந்திர தின ஏற்பாடு என்று இங்கே ஒழிவே இல்லை.

நீங்கள் எழுதியதை யோசித்துப் பார்த்தேன். அங்கமுத்துவை நமக்குத் தேங்காய் போடுகிறவனாகத்தான் தெரியும். அவன் வேறு யாரோடு பழகினான் என்பது நமக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாமல் ஒருவனைப் பிடித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் பயந்து போயிருந்தீர்கள். பொழுது இருட்டிவிட்டது. மாடியிலிருந்து பார்த்தால் அந்த முனை கிட்டத்தில் இல்லை. பால் வண்டி வந்து திரும்பியிருக்கலாம். அதன் விளக்கும் சில சமயம் அப்படித் தோன்றும்.

மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். மாமா எப்போது லைன் முடிந்து வருகிறார்? என் மாற்றல் மனு நகர்ந்திருப்பதாகக் கேள்வி. பார்ப்போம்.

மோகன்


புளியங்காட்டூர்,
22 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி மோகனுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது.

முந்தாநாள் இன்ஸ்பெக்டர் கலைமணி வீட்டுக்கு வந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். மோர் கொடுத்தேன், குடித்தார். மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று கேட்டார். உன் மாமா எந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போயிருக்கிறார் என்று கேட்டார். நான் சொல்லுமுன் அவரே நாக்பூர் என்றார். பிறகு அண்ணாந்து பார்த்துக்கொண்டே,

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டு மொட்டை மாடியில சிக்னல் நல்லாக் கெடைக்குமாமா?"

"கெடைக்குமுங்க."

"அங்க நின்னா ரோட்டு முனை தெரியுமோ?"

நான் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

"இருட்டுல பால் வண்டி லைட்டப் பாத்தாக் கூடப் போலீஸ் ஜீப்புன்னு தோணுமுங்க. பயத்துல கண்ணு அப்படித்தான் காட்டும். தனியா இருக்கறீங்க, வயசுக் காலத்துல கண்டதையும் நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்காதீங்க. போயிட்டு வாரேனுங்க."

டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நான் மாடியில் நின்றதை இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. நீ சொன்னபடி உன் மாமாவிடமும் சொல்லவில்லை. நீ எழுதியிருந்த அதே பால் வண்டியைத்தான் அவரும் சொன்னார்.

அதற்கு மறுநாளே உன் மாமா லாரியை வழியில் ஒரு செக்போஸ்ட்டில் நிறுத்தி, என்றோ முடிந்துபோன ஒரு விபத்து கேஸை எடுத்துக் கேட்டார்களாம். வண்டியை விட்டுவிட்டார்கள். லைசென்ஸை வைத்துக்கொண்டார்கள்.

வேறு ஒன்றுமில்லை. உன் மாற்றல் கிடைத்துவிட்டதா?

அக்கா


ராசிபுரம்,
20 செப்டம்பர் 2025

அன்பு மிக்க நங்கைக்கு,

கிருத்திகா எழுதிக்கொள்வது. நானும் யுவஸ்ரீயும் சௌகரியம். உங்கள் முழங்கால் வலி தேவலாமா?

உங்களுக்கு ஒரு நல்ல சேதி. உங்கள் தம்பிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது! நாமக்கல்லுக்கே. எத்தனை வருடமாக அலைந்தார் என்பது உங்களுக்குத் தெரியாததா? போன வாரம் சாமான்களோடு வந்து இறங்கினார். யுவஸ்ரீ அவர் கையை விடவே இல்லை. நாமக்கல்லில் வீடு பார்த்துவிட்டோம். பால் காய்ச்சுகிற அன்றைக்கு நீங்கள்தான் முன்னால் நின்று செய்ய வேண்டும். அவரை வந்து நேரில் அழைக்கச் சொன்னேன். "அக்காவுக்கு வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை, அதனால்தான் நானே எழுதுகிறேன்.

நங்கை, ஒன்று மனதில் இருக்கிறது. நினைத்த இடத்துக்கு வந்துவிட்டாரே, சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால் அப்படி இல்லை. தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது. உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். உங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கலா? நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

அவசியம் வாருங்கள்.

கிருத்திகா


புளியங்காட்டூர்,
2 அக்டோபர் 2025

தம்பி மோகனுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தாய் என்று கிருத்திகா எழுதியிருந்தாள். சந்தோஷம். பால் காய்ச்ச நான் வரவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாள். மாட்டுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிடு.

ஜெயிலில் அங்கமுத்துவைப் பார்த்துவிட்டு வக்கீல் அம்மா சண்முகப்பிரியா இங்கே வந்தார்கள். சின்ன வயசு, அவனுக்காகச் சட்ட உதவியில் வாதாடுகிறவர்கள். அங்கமுத்துவின் வலது கை முறிந்து, கோணலாகக் கூடியிருக்கிறதாம். ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று எழுதியிருக்கிறார்களாம். தென்னை மரத்தில் மழையிலும் வழுக்காதவன், தம்பி. இனி அந்தக் கையை வைத்து மரம் ஏற முடியாது. அந்தக் கை எப்படி முறிந்தது என்று மாஜிஸ்திரேட் விசாரிக்கப் போகிறாராம். நீங்கள் வந்து தெரிந்ததைச் சொல்வீர்களா என்று வக்கீல் அம்மா கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர்கள் வந்துபோன பிறகு இரண்டு பேர் பைக்கில் வந்து கேட்டில் நின்று தண்ணீர் கேட்டார்கள். வண்டிக்கு நம்பர் இல்லை. கொண்டு வந்த தண்ணீரைக் குடிக்கவில்லை. வாங்கிக் கீழே ஊற்றிவிட்டுச் செம்பை என் கையில் கொடுத்தார்கள். "தனியாவா இருக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். அவர்கள் திருடர்களா, போலீஸா என்று எனக்குத் தெரியவில்லை. யாராக இருந்தால் அதிகம் பயப்பட வேண்டும் என்றும் தெரியவில்லை.

மாலையானால் வெளியே வருவதில்லை. நாய் குரைத்தால் பயம், குரைப்பது நின்றால் அதைவிடப் பயம். உன் மாமா லைசென்ஸ் இல்லாமல் வீட்டில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கட்டிலைத் தூக்கி வந்து கதவுக்குக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் போகட்டுமா, வேண்டாமா? போலீஸ்காரனாகச் சொல்ல வேண்டாம். என் கூடப் பிறந்தவனாகச் சொல்.

அக்கா


நாமக்கல்,
9 அக்டோபர் 2025

அக்கா,

போக வேண்டாம்.

உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். மாஜிஸ்திரேட் ஒரு நாள் கேட்பார், எழுதிக்கொள்வார், அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விடுவார். நீங்கள் அதே தோட்டத்தில், அதே ஸ்டேஷனுக்கு உட்பட்டு இருக்க வேண்டும். உள்ளே இருந்து பார்க்கிறவன் நான். சாட்சி சொன்னவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், நீங்கள் கேட்காதீர்கள். உங்கள் மேலேயே ஒரு கேஸ் வரும். மாமாவின் லைசென்ஸ் திரும்பி வராது. யுவஸ்ரீக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட்டேன், இனி என்னால் அவளை விட்டு எங்கேயும் போக முடியாது.

நாமக்கல் பக்கம் எனக்குத் தெரிந்த அதிகாரி என்று எழுதியிருந்தேனே, அவரிடம் நான் பேசியது உங்கள் நன்மைக்கு என்று நினைத்துத்தான்...

அதை விடுங்கள். போகாதீர்கள் அக்கா.

மோகன்


புளியங்காட்டூர்,
6 நவம்பர் 2025

தம்பி மோகனுக்கு,

அக்கா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடு.

நான் போய்விட்டு வந்தேன்.

உன் மாமா கூட வந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் முன்னால் அவர் அப்படிப் பிடித்ததில்லை. கோர்ட் வராந்தாவில் இன்ஸ்பெக்டர் கலைமணி நின்றார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். திரும்பிப் போய்விடலாம் என்று உன் மாமாவிடம் சொன்னேன். எதிர்ப்புறத்தில் உண்ணாமலை உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, நான் வருவேன் என்று அவள் நம்பியிருக்க மாட்டாள். அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் ஒரு அம்மாதான். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள்.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க."

"யாரைப் பார்த்துப் பயம்?"

"எல்லாரையும் பாத்துங்க."

அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். பிறகு, நடந்ததைச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். நாய் நின்றதிலிருந்து, அத்தை என் பெயரைக் கூப்பிட்டதிலிருந்து எல்லாம். ஜீப் வந்ததையும், மேல் விளக்கை அணைத்ததையும், திரும்பியதையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நான் அங்கமுத்துவைக் கூப்பிட்டேன், அவன் என் முன்னால்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தான் என்றும் சொன்னேன்.

"ஜீப்தான் என்று நிச்சயமாகத் தெரியுமா? வேறு வண்டியாக இருக்கக் கூடாதா?"

"பால் வண்டி எங்க ஊட்டுக்குத் தெனமும் வருதுங்க. எனக்குப் பால் வண்டி தெரியுமுங்க."

"இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை? யாரிடமாவது முன்னால் சொன்னீர்களா?"

தம்பி, அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மற்ற எல்லாம் உண்மையாகச் சொல்லிவிட்டு அந்த ஒன்றை மட்டும் பொய்யாகச் சொன்னால், அப்புறம் அங்கமுத்துவைப் பற்றிச் சொன்னதும் பொய் என்று ஆகிவிடாதா?

"என் தம்பிக்கு எழுதினேனுங்க" என்றேன்.

"பெயர்?"

சொன்னேன்.

"என்ன வேலை பார்க்கிறார்?"

அதையும் சொன்னேன். அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

உனக்குச் சம்மன் வரும் என்று வக்கீல் அம்மா சொன்னார்கள். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறையில் நீயும் தனியாகத்தான் இருப்பாய். என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். எனக்கு உன் மேல் இருப்பது கோபம் இல்லை. அது என்னவென்று எழுதத் தெரியவில்லை.

அக்கா


நாமக்கல்,
18 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

மோகன்குமார் எழுதுவது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உங்கள் வாசலுக்கு வந்துவிடலாம். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இன்னும் வராததால் எழுதுகிறேன்.

சம்மன் வந்த அன்றே கலைமணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டீ வாங்கிக் கொடுத்தார். "அக்கா ஏதோ பயத்துல எழுதினாங்க, தெளிவா ஒண்ணும் எழுதலைன்னு சொன்னாப் போதும் ஏட்டு. அதுல பொய்யும் இல்ல பாருங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோர்ட் படி ஏறும் வரை அப்படியே சொல்வதாகத்தான் இருந்தேன்.

அங்கே அங்கமுத்துவைக் கொண்டு வந்திருந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கும்பிட்டான். ஒரு கை மேலே வந்தது. இன்னொரு கை பாதியில் நின்றுவிட்டது.

மாஜிஸ்திரேட் அம்மா கேட்டதற்கு நான் சொன்னேன்: "எங்க அக்கா ஜீப் வந்து திரும்பினதைத் தெளிவாத்தான் எழுதினாங்க. எனக்குத் தெரிஞ்ச அதிகாரிகிட்ட அதை நான்தான் சொன்னேன். அவர் இன்ஸ்பெக்டரைப் பாக்கச் சொன்னாரு. இன்ஸ்பெக்டர் பால் வண்டின்னு எழுதச் சொன்னாரு, எழுதினேன். அதுக்கப்புறம்தான் எனக்கு மாற்றல் வந்துச்சு." சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அங்கமுத்துவுக்குப் போன வாரம் ஜாமீன் கிடைத்தது. இந்நேரம் அவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேஸ் இன்னும் முடியவில்லை. கலைமணியை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றியிருக்கிறார்கள், அதுவும் நல்ல ஸ்டேஷன். அன்றைக்கு ஜீப்பில் இருந்தவர்கள் யார் என்பதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. சுகாதார நிலையத்தில் டாக்டர் பணியில் இருந்ததாகவே அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். என் மாற்றலை ரத்து செய்து, எந்த ஸ்டேஷனும் கொடுக்காமல் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அக்கா, சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் நேற்று முன்தினம் ஒரு கிழவியை அடித்துப் போட்டு நகையைப் பறித்துப் போயிருக்கிறார்கள். அதே மாதிரி, விளக்கு வைக்கிற நேரம். அவர்கள் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களைத் தேட வேண்டியவர்களோ நான் எங்கே போகிறேன், யாரோடு பேசுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று ஆசாரியைக் கூட்டி வந்து கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன். கிருத்திகா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு கேட்டாள்.

"ஏனுங்க, திருடங்க வந்தா நாம யாருக்குப் போன் பண்றதுங்க?"

நான் பதினெட்டு வருடப் போலீஸ், அக்கா. எனக்கு ஒரு நம்பரும் ஞாபகத்துக்கு வரவில்லை. கடைசியில் உங்கள் வீட்டு நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் தம்பி,
மோகன்